1950-களின் பேஸ்பால் பிட்சரை எண்களில் படிப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1960-களின் நடுப்பகுதி வரை அமெரிக்க மேஜர் லீக்கில் வீசிய ஒரு பிட்சரின் (பந்து வீசுபவர்) புள்ளிவிவரப் பட்டியலை எடுத்தால், கண் நேராக வெற்றி-தோல்விக்குத்தான் (அவர் பெயரில் எழுதப்படும் அணியின் வெற்றிகள், தோல்விகள்) போகும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் இன்னிங்ஸ்.

ஓர் இன்னிங்ஸ் என்பது மூன்று அவுட். எனவே இங்கே புள்ளிக்குப் பின் வருவது தசமம் அல்ல. .1 என்றால் ஓர் அவுட், .2 என்றால் இரண்டு. சாண்டி கூஃபாக்ஸ் 1955-ல் 41.2 இன்னிங்ஸும் 1956-ல் 58.2 இன்னிங்ஸும் வீசினார். கால்குலேட்டரில் அப்படியே தட்டினால் 99.4 வரும், அது தவறு. அவுட்டுகளாக மாற்றுங்கள்: 125 + 176 = 301. மூன்றால் வகுத்தால் 100, மீதி 1. அதாவது 100.1 இன்னிங்ஸ்.

இரண்டு ஆண்டுக்கு இது மிகக் குறைவு. அதற்குக் காரணம் அன்றைய போனஸ் விதி. 4,000 டாலருக்கு மேல் முன்பணம் வாங்கிய புதியவரை இரண்டு ஆண்டுகளுக்கு மைனர் லீக்குக்கு (இளம் வீரர்கள் பழகும் கீழ்நிலை லீக்) அனுப்பக் கூடாது. பழக வேண்டிய வயதில் கூஃபாக்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழுக்கக் காலியான ஆண்டுகள் இருந்தால் ராணுவ சேவையா என்று பாருங்கள். வாரன் ஸ்பானுக்கு 1943 முதல் 1945 வரை, வைட்டி ஃபோர்டுக்கு 1951, 1952. ஸ்பானின் முதல் வெற்றியே 1946-ல்தான். அப்படியும் 363 வெற்றிகள்!

அடுத்தது ஈஆர்ஏ (ERA), அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் கொடுத்த ரன்களின் சராசரி; குறைந்தால் நல்லது. பிட்சரின் பொறுப்பில் விழுந்த ரன்களை 9-ஆல் பெருக்கி இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்கள் சேராது. ராபின் ராபர்ட்ஸ் 1952-ல் 330 இன்னிங்ஸில் தன் பொறுப்பில் 95 ரன்கள் கொடுத்தார்: 2.59. இந்த எண்ணைத் தனியாக வைத்து மதிப்பிடக் கூடாது. அதே ஆண்டின் லீக் சராசரிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1963-ல் ஸ்ட்ரைக் எல்லையை (பேட்டர் அடிக்காவிட்டாலும் பந்து பிட்சருக்குச் சாதகமாகக் கணக்காகும் பகுதி) பெரிதாக்கியதும் பேட்டர்கள் திணறினார்கள், எல்லோருடைய ஈஆர்ஏவும் இறங்கியது. 1969-ல் மவுண்டின் (பிட்சர் நின்று வீசும் மேடு) உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்துத்தான் சரிக்கட்டினார்கள். ஆகவே 1966-ன் 2.80-ஐ 1950-ன் 2.80-உடன் சமமாக வைத்தால் கணக்கு தப்பும்.

இப்போது வெற்றி-தோல்விக்கு வரலாம். அணியின் மொத்த வெற்றிகளையும் சேர்த்தே படியுங்கள். 1951-ல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் வென்றது 52 ஆட்டங்கள். அதில் 20 நெட் கார்வருடையவை. மேனேஜரின் பழக்கத்தையும் கவனியுங்கள். நியூயார்க் யாங்கீஸ் மேனேஜர் கேசி ஸ்டெங்கல் ஃபோர்டை வலுவான எதிரணிகளுக்காகப் பொத்திப் பொத்தி வைத்தார். 1961-ல் பொறுப்பேற்ற ரால்ஃப் ஹவுக் முறை தவறாமல் இறக்கினார்; ஃபோர்டு 39 ஆட்டங்களைத் தொடங்கி 25 வெற்றி, 4 தோல்வி (25-4). சேவ் (முன்னிலையை இறுதிவரை காத்து ஆட்டத்தை முடித்த மாற்று பிட்சரின் கணக்கு) பத்தியை இந்தக் காலத்துக்கு அதிகம் நம்ப வேண்டாம். அது அதிகாரபூர்வமானதே 1969-ல்தான், முந்தையவை பின்னாளில் கணக்கிட்டுச் சேர்த்தவை.

சரிவைக் கண்டுபிடிக்க, முழு ஆட்டங்களையும் (மாற்று பிட்சர் இல்லாமல் தானே முடித்தவை) கொடுத்த ஹோம் ரன்களையும் அருகருகே வையுங்கள். ராபர்ட்ஸ் 1952-ல் தொடங்கிய 37 ஆட்டங்களில் 30-ஐத் தானே முடித்தார். 1950 முதல் 1955 வரை ஒவ்வோர் ஆண்டும் 300 இன்னிங்ஸைத் தாண்டினார். 1956-ல் 46 ஹோம் ரன்கள், அடுத்த ஆண்டு 10-22. அதைப் பார்த்து ஆள் முடிந்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள்: 1962-ல் பால்டிமோருக்காக அவருடைய ஈஆர்ஏ 2.78.