தமிழ் ஆள்தான், ஆனாலும் வீசா வேணும்

பரந்தன் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிற அண்ணை ஒருவர், நிறம் பிரிக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்ள கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பியை எடுத்திருந்தார். இரண்டு வருட வேலை. தம்பி வந்து இறங்கினது சுற்றுலா வீசாவில். “அவரும் தமிழ்தானே, ஆர் கேக்கப் போகினம்?” என்றார் அண்ணை. கேட்கிற இடம் கொழும்புக்குப் பக்கத்தில், பத்தரமுல்லையில் இருக்கிறது: குடிவரவு குடியகல்வுத் திணைக்களம்.

இலங்கையில் வேலை அனுமதி என்று தனியாக ஒரு அட்டை கிடையாது. வேலைக்கென்று கொடுக்கிற வதிவிட வீசாதான் அந்த அனுமதி. அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உங்கள் தொழிலுக்குரிய அமைச்சின் சிபாரிசு. முதலீட்டுச் சபையின் கீழ் பதிந்த நிறுவனமென்றால் அந்தச் சபையின் சிபாரிசு. அரச சார்பற்ற நிறுவனமென்றால் அதற்கான தேசிய செயலகம். பிறகு திணைக்களம் நுழைவு வீசாவை அனுமதிக்கும். ஆள் அந்த வீசாவில் வந்து இறங்கிய பிறகுதான் வதிவிட வீசா. “வரட்டும், பிறகு மாத்துவம்” என்று சுற்றுலா வீசாவில் கூப்பிடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற பிழை. அண்ணையின் தம்பியும் திரும்பிப்போய், முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. அறுவடை நேரம் மெஷின் சும்மா நின்றது.

வன்னிக்கே உரிய இன்னொரு பிழை உண்டு. அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கனடாவிலிருந்து மாமா வருகிறார், காணி குத்தகைக்கு எடுத்துப் பண்ணை போடுகிறார், தானே முகாமையாளராக இருக்கிறார். பிறந்தது புதுக்குடியிருப்பு, படித்தது கிளிநொச்சி. அவருக்கு எதற்கு வீசா? வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த அன்றே இலங்கைக் குடியுரிமை போய்விடுகிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் மட்டும்தான் கதை வேறு. எடுக்காதவர் சட்டத்தின் கண்ணில் அந்தக் கோயம்புத்தூர்த் தம்பியைப்போல ஒரு வெளிநாட்டவர்தான். ஆகவே சம்பளப் பட்டியலில் பெயரை ஏற்றுமுன் மாமாவின் கடவுச்சீட்டை வாங்கிப் பாருங்கள். “என்ன, என்னை நம்பேல்லையோ?” என்பார். பரவாயில்லை, வாங்குங்கள்.

இனிப் பெயர். நம்மவரின் தலையெழுத்து முன்னெழுத்தில்தான் இருக்கிறது. பட்டச் சான்றிதழில் ‘எஸ். முருகேசன்’ என்றிருக்கும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் விரிந்து குடும்பப் பெயராக ஏறி ‘சுப்பிரமணியம் முருகேசன்’ ஆகியிருக்கும். நியமனக் கடிதத்தை அடித்த பிள்ளை ‘முருகேசு’ என்று அடித்திருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு இது மூன்று ஆட்கள். எல்லாக் கடிதங்களிலும் கடவுச்சீட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, பெயரைப் போடுங்கள். பதவிப் பெயரும் அப்படித்தான்: சிபாரிசில் ‘தொழில்நுட்பவியலாளர்’, ஒப்பந்தத்தில் ‘மேற்பார்வையாளர்’ என்றால் கோப்பு திரும்பி வரும். அந்த வேலைக்கு ஏன் உள்ளூரில் ஆள் இல்லை என்பதையும் கடிதத்தில் இரண்டு வரி தெளிவாக எழுதுங்கள். “அனுபவசாலி” என்ற ஒற்றைச் சொல் அதற்குப் பதிலாகாது.

வவுனியாவில் திணைக்களத்தின் கிளை இருக்கிறதே என்று அங்கே கோப்போடு போகிறவர்களும் உண்டு. அங்கே கடவுச்சீட்டு எடுக்கலாம்; வதிவிட வீசா வேலைக்குப் பத்தரமுல்லைதான். இரவு பஸ்ஸில் ஏறுமுன் மூலப் பிரதிகளை ஒருதரம் எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் கிளிநொச்சிக்கும் கொழும்புக்கும் இடையில் இன்னொரு முன்னூறு கிலோமீற்றருக்கு மேல்.

முந்தி ஒருவருக்குச் சரிவந்த ஆவணப் பட்டியலை அப்படியே பிரதி எடுக்காதீர்கள். 2024 ஏப்ரலில் இணைய வீசா முறை மாறியது, ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது, பிறகு பழைய ஈ.டி.ஏ. (வருமுன் இணையத்தில் எடுக்கிற பயண அனுமதி) திரும்பி வந்தது. ஒரே வருடத்துக்குள் இவ்வளவும். திணைக்களத்தின் சொந்தத் தளத்தையே பாருங்கள். தரகர் அனுப்பும் வட்ஸ்அப் படத்தை அல்ல.

வீசா கிடைத்தபின்னும் இரண்டு விஷயம். அது அந்த நிறுவனத்துக்கும் அந்த வேலைக்கும்தான். பக்கத்து ஆலைக்கு ஆளை ‘கடன்’ கொடுக்க முடியாது. கூட வந்த மனைவிக்குச் சார்ந்திருப்பவர் வீசா கிடைக்கும், ஆனால் அதில் அவர் வேலை செய்ய இயலாது. பாலர் பாடசாலையில் இங்கிலிஷ் படிப்பிக்கக் கேட்டு ஆள் வந்தாலும்தான்.