கணக்கு நோட்டில் மூன்று வரி

காரைக்குடியில் எங்கள் அப்பத்தா அன்றைய கணக்கை எழுதாமல் படுத்ததில்லை; கத்திரிக்காய் வாங்கிய சில்லறைகூட நோட்டில் இருக்கும். அதே பழக்கத்தில் இன்னும் மூன்று வரி சேர்த்துப் பாருங்கள்: இன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்கள். பெரிதாக எதுவும் வேண்டாம், 'வெள்ளைப் பணியாரம் நன்றாக உப்பி வந்தது' போதும். ஆனால் பக்கத்திலேயே ஏன் என்றும் எழுத வேண்டும்: 'மாவை அவசரப்படாமல் நைசாக ஆட்டினேன்.' விஷயமே அந்த 'ஏன்'-இல்தான் இருக்கிறது.

நேர்மறை உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இப்படி எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது, மனச்சோர்வு குறைந்தது. ஆறு மாதம் கழித்தும் அந்தப் பலன் தெரிந்தது.

முதல் இரண்டு நாள் மூன்றாவது வரி லேசில் சிக்காது (எனக்கும் அப்படித்தான்). செல்லைத் தள்ளி வைத்துவிட்டு யோசியுங்கள், வரும்.