மணற்காடு முதல் வல்வெட்டித்துறை வரை: முதன்முறை போகிறவர்களுக்கு ஒருநாள் பயணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிக் கரையிலுள்ள மணற்காட்டு மேடுகளைப் படத்தில் பார்க்கிறவர்கள் பாலைவனம் என்றே நினைப்பார்கள். உண்மையில் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டுகிற ஊர் இது. கடல் ஒதுக்கிய மணலைக் காற்று அள்ளிக் குவித்த மேடுகள்தான் அவை. எப்போது போவது, எங்கே கால் வைப்பது என்பதெல்லாம் இதைப் பொறுத்ததுதான்.

1. மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

மாசி, பங்குனி நல்லது. மாரி ஓய்ந்திருக்கும், வெயிலும் உச்சத்துக்கு ஏறியிருக்காது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வலுக்கும் ஆனி, ஆடியில் மணல் பறந்து கண்ணில் அடிக்கும்.

2. வெள்ளனவே பஸ் ஏறுங்கள்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 750ஆம் இலக்க பருத்தித்துறை பஸ். தூரம் சுமார் 33 கிலோமீற்றர். முடிந்தால் ஜன்னல் ஓரத்தில் இருங்கள். வல்லை வெளியில் தொண்டைமானாற்று நீரேரியும் அதன் காற்றும் கிடைக்கும். பருத்தித்துறையில் இறங்கியதும் மணற்காட்டுக்கு ஓட்டோ பிடித்து, திரும்பி வருவதற்கும் சேர்த்தே கூலி பேசுங்கள். மேட்டடியில் நின்றுகொண்டு வாகனம் தேடுவது வீண் பாடு.

3. வெயில் ஏறமுன் மணலில் நடங்கள்

ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, கழற்றிக் கையில் பிடிக்கக்கூடிய செருப்பு போதும். பத்து மணிக்கு மேல் வெறுங்கால் தாங்காது. மேட்டின் செங்குத்தான பக்கத்தால் ஏறாதீர்கள்; மணல் சரியும், மூச்சும் வாங்கும். சரிவு குறைந்த பக்கத்தால் சாய்வாக ஏறுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மேட்டில் படர்ந்திருக்கும் அடம்பன் கொடியையும் முட்கதிர்கள் காற்றில் உருண்டோடும் இராவணன் மீசைப் புல்லையும் மிதிக்காதீர்கள், பிடுங்காதீர்கள். மணலை இருத்தி வைத்திருப்பது அவற்றின் வேர்கள்தான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை. சவுக்கு மரங்களும் மணலையும் காற்றையும் தடுப்பதற்கென்றே நடப்பட்டவை. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் மழைநீர் இந்த மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேலே நன்னீராகத் தங்குகிறது. மேட்டை வெட்டி மணலை ஏற்றிப் போனால் கிணறும் உவராகிவிடும். 2004 ஆழிப்பேரலையில் அடிபட்ட கரை இது. மணல் அள்ளிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரியும்.

மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களையும் பாருங்கள், ஆனால் மேலே ஏற வேண்டாம். இது திறந்த கடல், அலை பலமானது. நீந்தத் தெரிந்தாலும் இங்கே இறங்காதீர்கள்.

4. வல்லிபுரம்

திரும்பும் வழியில் வல்லிபுர ஆழ்வார் கோயில். அனுராதபுரத்து வசப மன்னன் காலத்துப் பொன்னேடு, அதாவது எழுத்துப் பொறித்த தங்கத் தகடு, கிடைத்த ஊர் இதுதான். இந்தக் கரையில் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே குடியிருப்பு இருந்ததற்குச் சான்று. கோயிலுக்கேற்ற அடக்கமான உடுப்போடு போங்கள்.

5. வடக்குக் கரையோரம்

மதியம் பருத்தித்துறையில் சாப்பிட்டுவிட்டு வடை வாங்குங்கள். தட்டையாக, மொறுமொறுவென்று, நாள்கணக்கில் கெடாமல் இருக்கும். தெருவுக்கு மேலேயே கூரை போட்ட தெருமூடி மடத்தைத் தவறவிடாதீர்கள். வெளிச்சவீட்டை வெளியே நின்று பார்த்தால் போதும். அப்புறம் மேற்கே கரை வீதியால் சக்கோட்டை முனை. இலங்கையின் வட அந்தம். மணற்காட்டில் மணல், இங்கே சுண்ணாம்புப் பாறை. இவ்வளவு கிட்டத்தில் கரை இப்படி மாறுவதைக் காணத்தான் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்கிறேன்.

கடைசியாக வல்வெட்டித்துறை. இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. கடற்கரையில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

அங்கிருந்தே யாழ்ப்பாணத்துக்கு பஸ் இருக்கிறது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.