செல்லப்பிராணியின் ஓவியத்துக்குப் படம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய், பூனைகளின் புகைப்படங்களைப் பார்த்து அவற்றின் உருவத்தை வரைந்து கொடுப்பது என் தொழில். ஓவியம் சரியாக அமையாதபோது, பெரும்பாலும் எனக்கு வந்த படத்திலேயே பிழை இருக்கிறது. படத்தில் இல்லாததைக் கற்பனையால் நிரப்பினால், சுவரில் மாட்டப்படுவது அந்த இனத்தைச் சேர்ந்த ஏதோ ஒரு நாயாக இருக்குமே தவிர, உங்கள் வீட்டு நாயாக இராது.

அடிக்கடி நேரும் தவறு, நின்றபடியே குனிந்து எடுப்பது. மேலிருந்து எடுத்தால் தலை பெருத்து, கால்கள் குட்டையாகத் தெரியும். முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் கைபேசியை நீட்டுவது அதைவிட மோசமானது. அவ்வளவு நெருக்கத்தில் மூக்கு புடைத்து, காதுகள் சிறுத்துப் பின்னுக்குப் போய்விடுகின்றன. சிப்பிப்பாறை நாயின் அழகே அதன் நீண்டு ஒடுங்கிய முகத்தில்தான் இருக்கிறது. அத்தகைய படத்தைப் பார்த்து அதை வரையவே முடியாது. தரையில் உட்கார்ந்து, கேமராவை அதன் கண் மட்டத்துக்கு இறக்கி, ஐந்தாறு அடி தள்ளியிருந்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நாய்க்கும் பூனைக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. ஃபிளாஷ் பட்டதும் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ பளீரிட்டு, உண்மையான நிறம் மறைந்துவிடும். நேர்வெயில் படாத ஜன்னலோரமோ காலை நேரத்துத் திண்ணையோ போதும். அங்கே கண்ணில் விழும் சிறு வெளிச்சப் புள்ளிதான் ஓவியத்துக்கு உயிர் தருகிறது.

வெள்ளை நாய்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. வெயிலில் எடுத்த ஒரு ராஜபாளையம் நாயின் படத்தை வைத்து நான் ஒருமுறை வரைந்து கொடுத்தேன். படத்தில் வலது காது முழுவதும் வெறும் வெண்மையாக வெளிறிப் போயிருந்தது. நானும் காதின் விளிம்பை ஒழுங்காக வரைந்துவிட்டேன். ஓவியத்தைப் பார்த்த அந்த வீட்டு அம்மா, “இவன் காதுல இருந்த கிழிசல் எங்கப்பா?” என்று கேட்டார். குட்டியாக இருந்தபோது வேறொரு நாய் கடித்த தழும்பு அது. அவருக்கு அதுதான் அவனுடைய அடையாளம். அந்தக் காதை மறுபடி வரைந்தேன். திரையில் நாயின் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுத்திருந்தால் கிழிசல் படத்திலேயே பதிந்திருக்கும். கறுப்பு நாய்க்கு நேர்மாறான சிக்கல்: பின்னால் வெளிச்சமான சுவரோ வானமோ இருந்தால், கண்ணும் மூக்கும் பிரித்தறிய முடியாத கரிய திரளாகிவிடும்.

படம் நன்றாக இருந்தும் அனுப்பும்போது கெடுவதுண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு, மீசையும் மயிரின் போக்கும் மங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அசல் அப்படியே வரும். ஸ்கிரீன்ஷாட், ஃபில்டர் இரண்டும் வேண்டாம். பின்னணியை மங்கலாக்கும் ‘போர்ட்ரெய்ட்’ வசதியையும் தவிருங்கள். அது காது நுனியின் மயிரையும் பூனையின் மீசையையும் பின்னணி என்று எண்ணி அழித்துவிடுகிறது.

உரக்க அதட்டி உட்கார வைத்தால் நாயின் காதுகள் பின்னால் மடங்கிக்கொள்ளும். அந்த அச்சம் ஓவியத்திலும் வந்துவிடும். இருவராகச் சேர்ந்து, ஒருவர் கேமராவுக்குப் பக்கத்தில் பிஸ்கட்டைக் காட்ட, மற்றவர் தொடர்ந்து முப்பது நாற்பது படங்கள் எடுப்பதே நல்லது.

இறந்துபோன பிராணிக்கு இவை எதுவும் இயலாது. அப்போது நன்றாக வந்த ஒன்றை மட்டும் பொறுக்கி அனுப்பாமல், இருக்கும் எல்லாப் படங்களையும் அனுப்புங்கள். ஒன்றில் கண்ணும் வேறொன்றில் கால் விரலும் தெளிவாக இருக்கும். அதன் கழுத்துப்பட்டை இன்னும் வீட்டில் இருந்தால், அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் தனியாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அந்தப் பட்டையின் நிறத்தைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு, அவற்றில் வண்ணம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்று கண்டுகொண்டு, மயிரின் நிறத்தை என்னால் சரிசெய்துகொள்ள முடியும்.