வண்ணக் கல் விளையாட்டு: தீட்டுவது, ஒளிப்பது, பின்தொடர்வது (மொரீஷியஸில் புதிதாகத் தொடங்குவோருக்கு)

உள்ளங்கை அளவுள்ள ஒரு கல்லைக் கழுவி, வண்ணம் தீட்டி, பூங்காவிலோ கடற்கரையிலோ யார் கண்ணிலாவது படும்படி வைத்துவிட்டு வருகிறோம். கண்டெடுத்தவர் படம் எடுத்து, கல்லின் பின்பக்கம் எழுதியிருக்கும் பேஸ்புக் குழுவில் போடுகிறார். பிறகு அதை வேறோர் இடத்தில் ஒளித்து வைக்கிறார். அங்கிருந்து இன்னொருவர் எடுக்கிறார். விளையாட்டு இவ்வளவுதான். அமெரிக்காவின் கேப் காட் கடற்கரையில் மேகன் மர்ஃபி என்பவர் 2015இல் கற்களில் நல்ல வார்த்தைகளை எழுதி வைத்துவிட்டு வரத் தொடங்கினார். அந்தப் பழக்கம் நாடு நாடாகப் பரவியது. 2020 ஊரடங்கின்போது பல ஊர்களில் பிள்ளைகள் வண்ணக் கற்களை நடைபாதையோரம் நீளமாக அடுக்கி 'கல் பாம்பு' வளர்த்தார்கள்.

மொரீஷியஸில் தமிழ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோரையும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, பள்ளியில் பாடமாகவும் இருக்கிறது. ஆனால் வகுப்பு முடிந்து வாசலைத் தாண்டினால் பிள்ளைகள் கிரியோலுக்குப் போய்விடுகிறார்கள். தான் எழுதிய ஒரு 'ம' கல்லில் ஏறி ரோஸ் ஹில்லிலிருந்து மஹேபர்க் வரை போயிருக்கிறது என்று தெரியும்போது ஒரு பிள்ளைக்கு அந்த எழுத்தின் மேல் வரும் பிரியம் வேறு. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்தது அதுதான்.

முதலில் கல்

நம்முடையது எரிமலைத் தீவு. காலில் தட்டுப்படுவது பெரும்பாலும் பசால்ட் என்கிற கறுப்புக் கல். எரிமலைக் குழம்பு ஆறும்போது உள்ளே இருந்த வாயு குமிழ் குமிழாக நின்றுபோனதால் பல கற்களில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். துளை குறைவாக, கையில் எடுத்தால் கனமாக, ஒரு பக்கமாவது வழவழப்பாக இருக்கும் கல்லாகப் பாருங்கள். 5 முதல் 8 சென்டிமீட்டர் அகலம் சரியான அளவு. மிகவும் சின்னதாக இருந்தால் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள். பெரிதாக இருந்தால் யாரும் பையில் போட்டு எடுத்துப் போகமாட்டார்கள், கல்லின் பயணம் அங்கேயே நின்றுவிடும்.

வீட்டுத் தோட்டத்தில் கிடப்பது, உறவினர் வீடு கட்டும் இடத்தில் மிஞ்சியது, ஹார்ட்வேர் கடையிலோ செடிக் கடையிலோ மூட்டையில் விற்கும் அலங்காரக் கூழாங்கல், இவை போதும். கடற்கரையில் எடுக்காதீர்கள். அங்கே வெள்ளையாக அழகாகத் தெரிவதெல்லாம் பவளத் துண்டுகள். பவளமும் சிப்பியும் கடலுக்கு வேண்டும். தேசியப் பூங்காக்களிலிருந்தும் எடுக்கக்கூடாது.

கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்கும் மேலே குவிந்து கிடக்கும் கற்களைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். கரும்பு நட நிலத்தைத் திருத்திய காலத்தில் அடிமைகளும், அவர்களுக்குப் பின் கப்பலேறி வந்த இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களும் கையால் பொறுக்கிப் போட்ட கற்கள் அவை. அந்தக் குவியலைக் கலைக்க எனக்கு மனம் வராது. அதோடு, தோட்டம் இன்னொருவர் சொத்து. உறவினர் நிலம் என்றால் கேட்டுக்கொண்டு, ஓரத்தில் உதிரியாகக் கிடப்பதை எடுங்கள்.

கழுவு, காயவிடு, வெள்ளை அடி

பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத்பிரஷும் வைத்துத் துளைகளுக்குள் இருக்கும் மண் போகும்வரை தேயுங்கள். அப்புறம் நன்றாகக் காயவிடுங்கள். இதில் அவசரப்படக் கூடாது. துளையுள்ள கல் தண்ணீரை உள்ளுக்குள் வைத்துக்கொள்ளும், மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். அப்படியே பெயின்ட் அடித்தால் வெயில் பட்டதும் உள்ளேயிருக்கும் ஈரம் கிளம்பி, பெயின்ட் கொப்புளித்துத் தோலாக உரிந்துவிடும். ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம் இருப்பவர்களுக்கு ஒருநாள் நல்ல வெயில் போதும். கியூர்பிப்பில் மழையும் மூடுபனியுமாக இருக்கும் என்பதால் வீட்டுக்குள் ஃபேன் காற்றில் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள்.

துளைகளை மறைக்க வேண்டுமானால் சுவருக்குப் பூசும் பட்டியைக் கொஞ்சம் தடவி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தால் சமமாகிவிடும். ஆனால் துளையைப் படத்துக்குள் சேர்த்துக்கொள்வதே எனக்குப் பிடிக்கும். மேல் ஓரத்தில் ஒரு பெரிய துளை இருந்தால் அது டோடோ பறவையின் கண். அதற்குப் பக்கத்தில் கல் வளைந்து இறங்கினால் அதுவே அலகு. ஒன்றும் வரையத் தொடங்காமல் கல்லைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "இதில் என்ன தெரியுது?" என்று கேளுங்கள். திருப்பித் திருப்பிப் பார்த்து அது ஒன்று சொல்லும். அதையே வரையச் சொல்லுங்கள்.

கறுப்புக் கல்லில் நேரே மஞ்சள் அடித்தால் அழுக்குப் பச்சையாகத் தெரியும், சிவப்பு அடித்தால் காய்ந்த ரத்த நிறத்துக்குப் போய்விடும். அதனால் முதலில் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட்டை மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். முதல் பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே இரண்டாவது. பின்பக்கத்திலும் எழுதும் இடத்துக்கு ஒரு பட்டை வெள்ளை அடித்து வையுங்கள்.

வண்ணம்

அக்ரிலிக் பெயின்ட்தான் சரி. வாட்டர்கலரும் போஸ்டர் கலரும் முதல் மழையிலேயே ஓடிவிடும். போஸ்கா மாதிரியான பெயின்ட் பேனா ஒன்றிரண்டு இருந்தால் கோடு போடவும் எழுதவும் வசதி. கிளிட்டர், ஒட்டும் பிளாஸ்டிக் கண், பாசிமணி எதுவும் வேண்டாம். உரிந்து விழுந்ததைப் பறவை விழுங்கும், மீன் விழுங்கும்.

முதல் கல்லுக்குப் புள்ளி வைத்துச் செய்யும் கோலத்தைத்தான் நான் சொல்வேன். பிரஷ் பிடிக்கத் தெரியாத ஆறு வயதுப் பிள்ளைக்கும் வரும். வெள்ளைக்கு மேல் கருநீலமோ அரக்குச் சிவப்போ முழுதாக அடித்துக் காயவிடுங்கள். பெயின்ட்டைத் தோசை மாவு பதத்துக்கு வைத்துக்கொண்டு, தீக்குச்சியின் மருந்தில்லாத முனையைத் தோய்த்து நடுவில் ஒரு பெரிய புள்ளி வையுங்கள். அடுத்து ஒரே தோய்ப்பில், மறுபடி தொடாமல், வரிசையாக நாலைந்து புள்ளிகள் வைத்துப் பாருங்கள். முனையில் பெயின்ட் குறையக் குறையப் புள்ளியும் தானாகச் சிறுத்துக்கொண்டே வரும். நடுப் புள்ளியிலிருந்து ஓரம் நோக்கி இப்படி எட்டுக் கதிர் இழுத்தால் ஒரு பூ விரிந்துவிடும். இன்னும் சின்னப் புள்ளிக்குக் குண்டூசித் தலை. குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து அழுத்தாமல் தொட்டு எடுக்க வேண்டும், சாய்த்தால் புள்ளி வால் முளைத்துவிடும்.

அடுத்தடுத்த கற்களுக்குத் தீவிலேயே நிறைய இருக்கிறது. இளஞ்சிவப்புப் புறா, கொடியின் சிவப்பு நீலம் மஞ்சள் பச்சைப் பட்டைகள், 1992இல் தேசிய மலரான டிரோசேட்டியா. மொரீஷியஸ் கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறையும் வரையலாம். 1974இல் காட்டில் நாலே நாலு பறவைதான் மிஞ்சியிருந்தது, கூண்டில் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டில் விட்டுத்தான் அந்த இனத்தை மீட்டார்கள். தமிழ் வகுப்பு என்றால் ஒரு கல்லுக்கு ஒரு எழுத்து, கூடவே அதில் தொடங்கும் ஒரு பொருள்: ம என்றால் மயில், க என்றால் கரும்பு. சாமி படமும் ஓம், வேல் முதலிய சின்னங்களும் மட்டும் வேண்டாம். தரையில் கிடக்கப்போகும் கல், யார் கால் படும் என்று சொல்ல முடியாது. மற்ற மதங்களின் சின்னங்களுக்கும் இதுவே வழக்கமாக இருக்கட்டும்.

பின்பக்கம்

எல்லோரும் முன்பக்கத்துக்கு மெனக்கெட்டுவிட்டுப் பின்பக்கத்தில் ஏதோ கிறுக்கி விடுகிறார்கள். கல் திரும்ப வருமா, தொலைந்து போகுமா என்பது அங்கேதான் இருக்கிறது. ஒன்றும் எழுதாத கல்லை எடுத்தவர், 'நன்றாக இருக்கிறதே' என்று வீட்டு அலமாரியில் வைத்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு எப்படித் தெரியும்?

பின்பக்கத்தில் மூன்று விஷயங்கள் வேண்டும். ஒன்று, குழுவின் பெயர். பேஸ்புக்கில் தேடினால் நேரே கிடைக்கும்படி சின்னதாகவும் வேறு யாருக்கும் இல்லாததாகவும் வையுங்கள். இரண்டு, என்ன செய்ய வேண்டும் என்ற வரி: 'படம் எடு, குழுவில் போடு, மறுபடி ஒளித்து வை'. கண்டெடுப்பவர் யாராகவும் இருக்கலாம் என்பதால் இதைக் கிரியோலில் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு கேமரா படமும் ஒரு வளைந்த அம்பும் போட்டால் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கும் புரிந்துவிடும். மூன்றாவது, கல்லின் எண். ஒவ்வொரு குடும்பமும் ஒரு தமிழ் எழுத்தை எடுத்துக்கொண்டு க-12, ப-13 என்று போடலாம். ஆனால் எண் குழு முழுவதற்கும் ஒரே வரிசையில் ஓட வேண்டும், ஒரு எண் இரண்டு கல்லில் வரக்கூடாது. தமிழ் தெரியாதவர் வெறும் '12' என்று எழுதினாலும் எந்தக் கல் என்று தெரிந்துவிடும். பிள்ளையின் முழுப் பெயர், பள்ளி, தொலைபேசி எண் எதையும் எழுதாதீர்கள்.

எழுதுவதற்குப் பெயின்ட் பேனா நல்லது. சாதாரண பர்மனென்ட் மார்க்கரில் எழுதினால், மேலே ஸ்பிரே வார்னிஷ் பட்டதும் மை கலங்கிப் பரவி, எண்ணையே படிக்க முடியாமல் போகலாம்.

வார்னிஷ்

படம் வரைந்து ஒருநாள் காயவிட்டு, அக்ரிலிக் வார்னிஷை மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். முன்பக்கம் காய்ந்த பிறகு பின்பக்கம். ஸ்பிரே என்றால் பெரியவர்கள் வீட்டுக்கு வெளியே அடிக்க வேண்டும். காற்றில் ஈரம் அதிகமான நாளில் அடித்தால் மேலே பால் படிந்த மாதிரி வெளுத்துவிடும், மழை நாளில் தள்ளிப்போடுங்கள். கைவினைப் பசையைப் பூசி முடித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தண்ணீரில் கரையும் பசை மழையில் பிசுபிசுத்துப் போகும்.

எங்கே ஒளிப்பது

'ஒளிப்பது' என்று சொன்னாலும், நடந்து போகிறவர் கொஞ்சம் கவனித்தால் கண்ணில் பட வேண்டும். ஃபிளிக் ஆன் ஃபிளாக், மோன் ஷுவாசி கடற்கரைகளில் சவுக்கு மரத்தடி, போர்ட் லூயிஸ் கம்பெனி தோட்டத்து ஆலமரத்தின் அடிவேர், போ பாசனில் பால்ஃபர் பூங்காவின் பெஞ்சுக்குப் பக்கம், இப்படிப்பட்ட இடங்கள். கடற்கரை என்றால் அலை எட்டாத இடத்தில் வையுங்கள். குனிந்து எடுக்க முடிய வேண்டும். ஏறியோ, சாலையைக் குறுக்கே கடந்தோ, தண்ணீரில் இறங்கியோ எடுக்கும்படி இருக்கக் கூடாது.

புல்வெளியின் நடுவில் கூடவே கூடாது. புல் வெட்டும் இயந்திரத்தில் சிக்கினால் கல் தெறித்து யார் மேலாவது படும். பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா, இல் ஓ ஸெக்ரெட் தீவு போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குள் வேண்டாம், அங்கே நாம் எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், கல்லறைத் தோட்டம் வேண்டாம். தைப்பூசத்துக்கு முன்பு காவடி வரும் வழியைக் கட்டாயம் தவிருங்கள், வெறுங்காலோடு நடக்கிறார்கள். மகா சிவராத்திரிக்கு கிராண்ட் பாசின் நோக்கி நடப்பவர்களின் பாதையோரமும் அப்படித்தான்.

புயல் காலம் நவம்பரில் தொடங்கி மே நடுப்பகுதி வரை. வானிலை நிலையம் முதல் நிலை (கிளாஸ் 1) புயல் எச்சரிக்கை கொடுத்ததும், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வைத்த கற்கள் இன்னும் அங்கேயே இருந்தால் எடுத்து உள்ளே வையுங்கள். எச்சரிக்கை முற்றிய பிறகு அதற்காக வெளியே போகாதீர்கள்.

பின்தொடர்வது

வைத்த உடனேயே இரண்டு படம் எடுங்கள்: கல்லின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் எண்ணோடு ஒன்று. குழுவில் ஊரின் பெயரை மட்டும் சொல்லுங்கள், 'க-12, ரோஸ் ஹில்லில் இருக்கிறது' என்கிற அளவுக்கு. மரத்தையும் பெஞ்சையும் சொல்லிவிட்டால் தேடுவதற்கு என்ன இருக்கிறது? முதல் முறை கல் வைப்பவர்கள் பத்தே நிமிடத்தில் போய்ப் பார்த்து, 'இன்னும் யாரும் எடுக்கலையே' என்று வருந்துவார்கள். ஒரு வாரமாவது விட்டுவிடுங்கள்.

குழுவில் பொறுமையான ஒருவர் கூகுள் ஷீட் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எண், தீட்டியவரின் குடும்ப எழுத்து, வைத்த தேதி, ஊர், கண்டெடுத்த தேதி, அடுத்த ஊர், இவ்வளவு பத்தி போதும். கூகுள் மை மேப்ஸில் கல்லுக்கு ஒரு நிறம் கொடுத்து, அது போன ஊர்களைக் கோட்டால் இணைத்தால் பிள்ளைகளுக்குத் தீவின் புவியியல் தானாக மனப்பாடமாகும். யாராவது ரீயூனியனுக்கோ சென்னைக்கோ எடுத்துப் போனால் அந்தக் கோடு கடலைத் தாண்டும். வெளிநாட்டுக்குப் போகும் கல்லில் மண் ஒட்டியிருக்கக் கூடாது, சில நாடுகளில் விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள்.

கண்டெடுத்தவர் குழுவில் படம் போட்டால் அன்றே பதில் சொல்லுங்கள். தீட்டிய பிள்ளையையே ஒரு வரி எழுதவிடுங்கள், தமிழில் எழுதி அடியில் கிரியோலிலும் போடலாம். படத்தில் அந்நியரின் குழந்தை முகம் தெரிந்தால் அவரிடம் கேட்காமல் வேறெங்கும் பகிராதீர்கள்.

எல்லாக் கல்லும் தகவல் அனுப்பாது, இதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். மூன்று மாதம் ஒரு செய்தியும் இல்லாத கல்லை ஷீட்டில் 'தொலைந்தது' என்று எழுத வேண்டாம், 'பயணத்தில்' என்று போட்டுவிட்டு வரிசையை அப்படியே திறந்து வையுங்கள். அந்த எண்ணை வேறு கல்லுக்குக் கொடுக்காதீர்கள். வருடம் கழித்தும் சில கற்களிடமிருந்து படம் வரும்.