பேஸ்மண்ட் வீட்டில் பூஞ்சணம்: கையெழுத்துப் போட முன் பார்க்க வேண்டியவை

ரொறன்ரோவுக்கு வந்திறங்கும் எங்கள் ஆட்களில் பலர் முதலில் குடிபோவது ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ, நிலமட்டத்துக்குக் கீழே உள்ள ஒரு பேஸ்மண்ட் வீட்டில்தான். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஒக்டோபரில் வீடு பார்க்கப் போன அன்று சுவரெல்லாம் புது வெள்ளைப் பெயின்ற். எவ்வளவு துப்புரவாக வைத்திருக்கிறார்கள் என்று சந்தோசப்பட்டு அன்றே முற்பணம் கொடுத்தோம். மார்ச் மாதம் உடுப்பு அலுமாரியை இழுத்துப் பார்த்தபோது, அதன் முதுகுப் பலகையும் பின்னால் இருந்த சுவரும் முழங்கால் உயரத்துக்குக் கறுத்துப் போயிருந்தன. அடியில் வைத்திருந்த சூட்கேஸைத் திறந்தால், ஊரிலிருந்து கொண்டுவந்த சான்றிதழ் ஃபைலின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சணம். மகளுக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க இருமல். சாதாரணத் தடிமன் என்றே நினைத்திருந்தோம்.

புதிதாக வருகிறவர்களுக்கு அதனால்தான் இதை எழுதுகிறேன். கறுப்புத் திட்டு கண்ணுக்குத் தெரியும்போது விஷயம் முற்றிவிட்டது. வீடு பார்க்கும்போதே ஈரம் எங்கிருந்து வரக்கூடும் என்று தேட வேண்டும்.

ஈரம் இரண்டு வழியாக வரும். ஒன்று, மழைத் தண்ணீரும் உருகிய பனியும் மண்ணுக்குள் இறங்கி அத்திவாரச் சுவரின் வெடிப்பால் கசிவது. மற்றது, நாங்களே உள்ளுக்குள் உண்டாக்குவது. ஊரில் கதவு யன்னல் திறந்தே கிடக்கும், புட்டு அவித்த ஆவி தன் பாட்டில் வெளியே போய்விடும். இங்கே வெளியே சைபருக்குக் கீழே 15 பாகை, உள்ளே 21 பாகை, யன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டியிருக்கும். சமையல், குளியல், உள்ளே காயப்போட்ட உடுப்பு எல்லாவற்றின் ஆவியும் போய்ப் படிவது வீட்டிலேயே குளிரான சுவரில். அலுமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரோடு ஒட்டி வைத்தால் அந்த இடுக்கில் காற்று ஓடாது. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள்.

சரி, வாடகை வீடு பார்க்கப் போகிறீர்கள். வாசலில் ஒரு நிமிடம் நின்று மணந்து பாருங்கள். பத்து நிமிடம் உள்ளே நின்றால் மூக்கு பழகிவிடும், பிறகு ஒன்றும் தெரியாது. ஊதுபத்தி, வாசனைத் திரவம் என்று எதுவோ தூக்கலாக இருந்தால் ஏன் என்று யோசியுங்கள். அடுத்து, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கும் அறையைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கெல்லாம் பெயின்ற் அடிக்கிறவர்கள் அந்த அறையைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அத்திவாரச் சுவரை உள்ளபடி பார்க்கக்கூடிய இடம் அதுதான். ரோச் லைட்டைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கொங்கிறீட்டில் உப்புப் பூத்தது போல வெள்ளைத் தூள் இருந்தால் அந்த வழியால் தண்ணீர் வந்து போயிருக்கிறது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் பழுப்புக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பாத்ரூம் விசிறியைப் போட்டு ஒரு துண்டு ரிஷ்யூவை அதில் பிடியுங்கள். ஒட்டி நிற்காமல் விழுந்தால் அந்த விசிறி வெறும் சத்தத்துக்குத்தான்.

வெளியே வந்ததும் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். சுவரடியிலேயே கொட்டினால் அந்தத் தண்ணீர் உங்கள் அறைப் பக்கம்தான் தேடி வரும். வீட்டுக்காரரிடம் திகதி சொல்லிக் கேளுங்கள்: 2013 ஜூலை 8, 2024 ஜூலை 16 மழைகளுக்கு உள்ளே தண்ணீர் வந்ததா? 2024இல் ஒரே நாளில் ஏறக்குறைய 100 மில்லிமீற்றர் கொட்டியது. இங்கே இருந்தவர்களுக்கு அந்த நாள் மறக்காது.

வீடு வாங்குகிறவர்கள், வீட்டைப் பரிசோதித்துத் திருப்தியானால் மட்டுமே வாங்குவேன் என்ற நிபந்தனையோடுதான் ஓஃபர் கொடுங்கள். போட்டி அதிகம், நிபந்தனையை எடுத்துவிடுங்கள் என்று முகவர் சொன்னால், ஓஃபருக்கு முன்பே பரிசோதகரைக் கூட்டிப்போக நேரம் கேளுங்கள். ஒன்ராறியோவில் வீட்டுப் பரிசோதகராக வேலை செய்ய மாகாண உரிமம் கட்டாயமில்லை. ஆகவே ஆளைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். சுவரின் ஈரத்தை அளக்கும் ஈரமானியும் வெப்பக் கமராவும் கொண்டுவருவாரா, கூரைக்கு அடியில் உள்ள அற்றிக்கைப் பார்ப்பாரா என்று முதலே கேளுங்கள். பாத்ரூம் விசிறிக் குழாயை வெளியே விடாமல் அற்றிக்குக்குள் விட்டு, கூரைப் பலகை முழுக்கக் கறுத்த வீடுகள் இருக்கின்றன. வழமையான பரிசோதனை கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே பார்க்கும். சுவரை உடைக்க மாட்டார்கள், பூஞ்சணத்தைப் பல ஒப்பந்தங்கள் வெளிப்படையாகவே தவிர்த்துவிடும். கூடவே நடந்து, ஈரமானியின் எண்ணை நீங்களும் பாருங்கள்.

காற்றைப் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறோம் என்று சிலர் பல நூறு டொலர் கேட்பார்கள். பெரும்பாலும் தேவையில்லை. பூஞ்சணத்துக்கு இவ்வளவுதான் பாதுகாப்பான அளவு என்று மத்திய அரசின் சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடா எந்த எண்ணையும் வைக்கவில்லை. எந்த வகையாக இருந்தாலும் துப்புரவாக்கி, ஈரத்தை நிறுத்துங்கள் என்பதே அவர்கள் சொல்வது. இலவசமாகப் பரிசோதிக்கிறோம் என்று வந்து, தாங்களே அகற்றுவதற்கும் விலை சொல்லும் ஆட்களிடம் கவனமாக இருங்கள். பார்ப்பவர் வேறு, அகற்றுபவர் வேறாக இருப்பது நல்லது.

குடியிருக்கும் வீட்டில் கண்டுவிட்டால், ஒரு சதுர மீற்றருக்கும் குறைவான ஓரிரு திட்டுகளை முகக்கவசம், கையுறை போட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தால் நீங்களே கழுவித் துடைக்கலாம். பிளீச் தேவையில்லை. ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அந்த நேரம் அறையில் இருக்கக் கூடாது. ட்றைவோல் (உட்சுவர்ப் பலகை) ஊறிப் போயிருந்தால் துடைத்துப் பயனில்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

வாடகை வீடென்றால் திருத்துவது வீட்டுக்காரரின் சட்டப் பொறுப்பு. படம் எடுத்து, திகதியோடு எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் கதைத்தது பிறகு உதவாது. அசையவில்லை என்றால் ரொறன்ரோவில் நகரசபையின் 311 இலக்கத்தை அழைத்து முறையிடலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். அதற்கு மேல், வீட்டுரிமையாளர் வாடகையாளர் சபைக்கு, வீடு திருத்தாதது பற்றி முறையிடும் T6 படிவம் இருக்கிறது. ஆனால் கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அது உங்களையே வெளியேற்றும் வழக்காக மாறும். குசினியையோ பாத்ரூமையோ வீட்டு உரிமையாளரோடு பகிர்ந்து இருக்கிறவர்களுக்கு இந்த வாடகைச் சட்டம் பொருந்தாது. அவர்கள் குடிபோக முன்னரே இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, காற்றின் ஈரலிப்பைக் காட்டும் சின்ன மானி ஒன்று வாங்கி வையுங்கள். விலை அதிகமில்லை. குளிர்காலத்தில் 30 வீதத்தை ஒட்டி, கோடையில் 50 வீதத்துக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. எங்கள் இப்போதைய வீட்டில் அது குசினி யன்னல் ஓரம் நிற்கிறது. ஞாயிறு காலை இடியப்பம் அவித்தால் 38இல் இருந்தது 60ஐத் தாண்டும். விசிறியைப் போட்டு, யன்னலை நாலு விரல் திறந்துவிடுவோம். எண் பழையபடி இறங்கும் வரை மகள் அதன் முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருப்பாள்.