சிறு தொழிலில் இன்வாய்ஸ் தயாரிப்பதும் நிலுவையைக் கண்காணிப்பதும்

சரக்கை அனுப்பிய அன்றோ, வேலையை முடித்துக் கொடுத்த அன்றோ இன்வாய்ஸையும் (பணம் கேட்டு அனுப்பும் பில்) அனுப்பிவிட வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தால், பணம் வரும் நாளும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும்; எந்த வேலைக்கு என்ன விலை பேசினோம் என்பதிலும் இரு தரப்புக்கும் குழப்பம் வரும்.

விற்பவர், வாங்குபவர் இருவரின் முழுப் பெயரும் முகவரியும், சட்டம் கேட்குமானால் வரிப் பதிவு எண்ணும், இன்வாய்ஸின் எண்ணும் தேதியும், பொருள் அல்லது வேலையின் விவரமும், அளவு, விலை, தள்ளுபடி, வரி, மொத்தத் தொகை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். வாங்குபவர் பர்சேஸ் ஆர்டர் (எழுத்தில் தரும் கொள்முதல் ஆணை) கொடுத்திருந்தால் அதன் எண்ணையும் தவறாமல் குறிப்பிட வேண்டும். அந்த எண் இல்லாத இன்வாய்ஸைப் பல நிறுவனங்களின் கணக்குப் பிரிவு ஓரமாக வைத்துவிடும், வைத்ததை நமக்குச் சொல்லவும் செய்யாது. ‘30 நாட்களுக்குள் செலுத்தவும்’ என்று மட்டும் எழுதினால் எந்த நாளிலிருந்து 30 என்ற கேள்வி எழும் என்பதால், கெடுத் தேதியையே எழுதிவிடுவது நல்லது.

எண்கள் ஒரே வரிசையில் ஓட வேண்டும். ஓர் எண் இருமுறை வரவோ, இடையில் விடுபடவோ கூடாது. அனுப்பிய இன்வாய்ஸில் பிழை தெரிந்தால், அதை அழித்துவிட்டு அதே எண்ணில் வேறொன்றை அனுப்பக் கூடாது. தொகையைக் குறைக்க வேண்டுமானால் பழைய எண்ணைச் சுட்டும் கிரெடிட் நோட் (தொகையைக் குறைத்ததைக் காட்டும் சீட்டு) ஒன்றைத் தர வேண்டும்.

கண்காணிப்பதற்கு எக்செல் கோப்பு ஒன்றே தொடக்கத்தில் போதும். முதல் தாளில் இன்வாய்ஸுக்கு ஒரு வரி வீதம் எண், வாடிக்கையாளர், தேதி, கெடு, தொகை ஆகியவற்றைப் பதிய வேண்டும். வரவுகளை அதே வரியில் ‘செலுத்தப்பட்டது’ என்று குறித்து முடித்துவிடாமல், இரண்டாவது தாளில் தேதி, தொகை, இன்வாய்ஸ் எண் ஆகியவற்றுடன் தனித்தனியாக எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். ஏனெனில் ஒரே இன்வாய்ஸுக்குப் பணம் மூன்று தவணையாக வருவதும், மூன்று இன்வாய்ஸுக்கான பணம் ஒரே தொகையாக வருவதும் வழக்கம். ஒற்றைத் தாளில் இவற்றை அடக்க முயன்றால் கணக்கு விரைவிலேயே சிக்கலாகிவிடும். இன்வாய்ஸ் தொகையிலிருந்து வரவையும் கிரெடிட் நோட்டையும் கழித்தால் மிஞ்சுவதே நிலுவை. பிடித்தம் செய்யப்பட்ட வரியாலோ வங்கிக் கட்டணத்தாலோ தொகை சற்றுக் குறைந்து வந்திருந்தால், காரணத்தையும் அன்றே குறித்துவைக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை வங்கி அறிக்கையோடு வரவுத் தாளை ஒப்பிட்டபின், கெடு கடந்தவற்றை 30 நாள் வரை, 31 முதல் 60, 61 முதல் 90, அதற்கு மேல் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெரிய தொகையைவிடப் பழைய தொகையே அதிகக் கவலைக்குரியது என்பது என் கருத்து.

கெடுவுக்குச் சில நாள் முன்பு மின்னஞ்சலில் ஒரு நினைவூட்டல், கெடு கடந்த மறுநாள் இன்னொன்று, அதற்கும் பதில் இல்லையென்றால் தொலைபேசி என்ற வரிசை பொதுவாகப் பயன் தரும். ஆர்டர் கொடுத்தவரைவிட, பணம் அனுப்பும் பொறுப்பில் இருப்பவரிடம் பேசுவதே பலன் தரும். அவர் சொல்லும் தேதியைப் பதிவேட்டிலும் எழுதிக்கொள்ள வேண்டும். இன்வாய்ஸின் ஒரு பகுதியை மட்டும் வாங்குபவர் மறுத்தால், அந்தத் தொகையைத் தனியாகக் குறித்துக்கொண்டு, மறுக்காத மீதியை உடனே செலுத்தும்படி எழுத்தில் கேட்க வேண்டும்.